ஐந்தாம் இலக்கச் சன்னம்

துப்பாக்கிக் கடை என்றால் எண்ணெயும் இரும்பும் மணக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே வனிலா மெழுகுதிரி மணத்தது. உள்ளே போனதும் இடது பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கான சட்டைகள் தொங்கின. காட்டில் பதுங்கி இருப்பவர்கள் போடும், இலைதழை அச்சடித்த துணி. பதினொரு சட்டைகள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை யாருக்குப் பயந்து எந்தப் பற்றைக்குள் ஒளியப் போகிறது என்று தெரியவில்லை. அதற்கு மேலே ஒரு தட்டில் பஞ்சு அடைத்த வான்கோழி வாலை விரித்து நின்றது. கண்ணாடிக் கண். கழுத்தில் சிவப்பும் நீலமுமாக, சுடுதண்ணீர் பட்டு உரிந்த தோலைப் போலத் தொங்கும் சதை. அதன் காலடியில் யாரோ குடித்துவிட்டு வைத்த கோப்பிக் குவளை. எழுபத்தாறு வயதில் இப்படி ஓர் இடத்தில் வந்து நிற்கிறேன்.

நான் அங்கே போனது மருமகனுடன். போன காரணம், பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக்கறி.

என் மகளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து, முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்றைக்கு ஒன்பதாம் நாள். என் மனைவி உயிரோடு இல்லை. ஆகவே பிள்ளை பெற்றவளைப் பார்க்க மருமகனின் தமக்கை ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் மருமகனின் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அந்த வீட்டுக் குசினி, வந்த அரை மணித்தியாலத்தில் அவர் கைக்குப் போய்விட்டது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை நிற்பதாக ஏற்பாடு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்து மூன்று போத்தல்களில் கொண்டுவந்திருந்தார். சரக்கு தயார், இறைச்சிதான் பிடிக்கவில்லை. ஜான்-டலோன் சந்தையில் மருமகன் தேடி வாங்கிவந்த கோழியை விரலால் அமத்திப் பார்த்தார்.

“உது கோழியோ? தண்ணி ஊறின பஞ்சு. இதைப் போட்டு வைச்சா சரக்குக்குத்தான் மரியாதை கெட்டுப்போம்.”

“மொன்றியலில நான் ஊர்க்கோழிக்கு எங்கயக்கா போறது?”

“எங்கயோ போ. ஓடித் திரிஞ்ச கோழியா இருக்கவேணும். எலும்பு வைரமா இருக்கவேணும். பதினொரு வருசம் தவம் கிடந்து பெத்த பிள்ளைக்குப் பால் ஊறவேணுமெல்லோ?”

ஓடித் திரிந்த கோழி என்ற வார்த்தை மருமகனின் காதில் விழுந்ததுதான் வினை. விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே கூட வேலை செய்யும் தாடிக்காரர் ஒருவர் மூன்று வருடமாக அவரை வேட்டைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மருமகன் வகுப்புக்குப் போனார், பத்திரம் எடுத்தார், துப்பாக்கியும் வாங்கிக் கராஜில் பூட்டி வைத்தார். ஆனால் ஒரு குருவியைக்கூட அதுவரை சுட்டதில்லை. வசந்தத்தில் காட்டு வான்கோழி சுட அனுமதிக்கும் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“மாமா, யோசிச்சுப் பாருங்கோ. காட்டுக்க ஓடித் திரியிற எட்டுக் கிலோ ஊர்க்கோழி!”

தமக்கையாருக்கு முகம் மலர்ந்தது. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு வான்கோழி கொடுக்கலாமா, அது தோலில் சொறி கிளப்பும் கிரந்தியா, வாயுவா, சூடா என்று தெரிய வேண்டுமே. அன்று பின்னேரமே ஏழு வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்காபரோவில் நான்கு, இலண்டனில் இரண்டு, யாழ்ப்பாணத்தில் ஒன்று. நான்கு பேர் சூடு, நல்லது என்றார்கள். இரண்டு பேர் கிரந்தியாக இருக்கலாம், கொஞ்சமாகக் கொடுத்துப் பார் என்றார்கள். ஒருவர் மட்டும், “உது மயிலின்ர சாதியெல்லோ, முருகன்ர வாகனத்தையே கறி வைக்கப் போறியள்?” என்று கேட்டார். அதற்கு அரை மணித்தியாலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு பேரில் ஒருவர்கூட, அதை எதனால் சுடுவீர்கள் என்று கேட்கவில்லை.

நான் கேட்டேன். இருபத்தெட்டு வருடம் கணிதமும் இரசாயனமும் படிப்பித்தவன். தோட்டாவுக்குள் இருப்பது ஈயச் சன்னம், மிளகைவிடச் சிறிய குண்டுகள். ஈயம் தாயின் உடம்புக்குள் போனால் பாலில் வரும். பாலில் வந்தால் பத்து நாள்கூட ஆகாத பிள்ளையின் மூளைக்குப் போகும். இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். தமக்கையார் என்னை, நல்ல காரியத்தில் தும்மியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, அப்ப நீங்களும் கடைக்குப் போங்கோ. நீங்க சரியெண்டு சொன்னாத்தான் நான் வாயில வைப்பன். வேற ஒருத்தர் சொல்லியும் கேக்கமாட்டன்.”

அதனால்தான் கடைக்குப் போனேன்.

கடைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பிரெஞ்சில் “பொன்ஜூர்” என்று வணக்கம் சொல்லிச் சிரித்தாள். பதின்மூன்று வகைப் பெட்டிகளை மேசையில் அடுக்கினாள். ஒவ்வொரு பெட்டியிலும் வாயைத் திறந்த வான்கோழித் தலை. சில பெட்டிகளில் அதன் தலை சிதறுவதுபோலவே படம். மனிதர்கள் இதை அழகு என்று நினைத்து அச்சடிக்கிறார்களே!

இலக்கங்களே எனக்கு அருவருப்பாக இருந்தன. நாலாம் இலக்கச் சன்னம் பெரியது. ஆறாம் இலக்கச் சன்னம் சிறியது. எண் கூடக் கூடப் பொருள் சிறுக்கிறது. துப்பாக்கிக் குழலிலும் அப்படித்தான். பன்னிரண்டு என்றால் பெரிய குழல், இருபது என்றால் சின்னக் குழல். ஓர் இறாத்தல் ஈயத்தை எத்தனை உருண்டையாகப் பிரித்தால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்கு அளவாக இருக்குமோ, அதுதான் அந்த எண்ணாம். ஒரு மாணவன் இப்படி ஓர் அளவுமுறையை எழுதிக்கொண்டு வந்திருந்தால் கொப்பியைத் திருப்பி எறிந்திருப்பேன்.

மூன்று வகை உலோகம் இருந்தது. ஒன்று வெறும் ஈயம். அடுத்தது செம்பு பூசிய ஈயம். மூன்றாவது டங்ஸ்டன், ஈயத்தைவிடப் பாரமானது, உடம்புக்கு ஈயத்தைப் போன்ற கேடில்லை என்று பெண் சொன்னாள். ஒரு சின்னப் பெட்டியில் ஐந்தே ஐந்து தோட்டா. அதில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துவிட்டு மருமகன் பெட்டியைக் கொதிக்கிற சட்டியைப் போலத் திரும்ப வைத்தார். பிறகு செம்பு பூசியதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இது போதும் மாமா. செம்பு பூசினது. ஈயம் வெளியில வராது. செம்பு உடம்புக்கு நல்லமெண்டுதானே அக்கா செம்புக் குடத்தில தண்ணி வைச்சுத் தாறா?”

“தம்பி, அந்தப் பூச்சு சன்னம் நசியாமல் போறதுக்குத்தான். எலும்பில பட்டா உரிஞ்சு போம். பூச்சுக்கும் சுகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

அவர் டங்ஸ்டன் பெட்டியை வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டங்ஸ்டன்தான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். ஆனால் நான் அவர் வீட்டில் இருக்கிறவன். அவர் வாங்கும் அரிசியில் சோறு தின்கிறவன். என் முகத்தைப் பார்த்த கடைப் பெண் பயப்படத் தேவையில்லை என்றாள். வான்கோழியைத் தலைக்கும் கழுத்துக்கும்தான் சுடுவார்கள். நெஞ்சு இறைச்சியை மட்டும் எடுப்பார்கள். கழுத்தை யாரும் தின்பதில்லை, எறிந்துவிடுவார்கள். சன்னம் எல்லாம் எறிகிற பக்கத்தில்.

எனக்கு அது போதுமாக இருந்தது. நெஞ்சு மட்டும். மிக எளிய விடை. எங்கள் வீடுகளில் ஒரு கோழியின் நெஞ்சை மட்டும் யாராவது கறி வைத்ததை என் வாழ்நாளில் கண்டிருக்கிறேனா என்று நான் அந்த நேரம் யோசிக்கவில்லை.

செம்பு பூசியதில் நாலு, ஐந்து, ஆறு என்று மூன்று இலக்கங்களில் மூன்று பெட்டிகள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். எந்த இலக்கம் அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று சுட்டுத்தான் பார்க்க வேண்டுமாம்.

பதினாறாம் நாள், சனிக்கிழமை, தாடிக்காரருடைய மைத்துனரின் பண்ணைக்குப் போனோம். ஆற்றுக்கு அப்பால், கிறவல் கல் அள்ளிப் பள்ளமாய்ப்போன பெரிய கிடங்கு. ஓர் ஆள் உயரக் கடதாசியில் பத்து அங்குல வட்டம் கீறி, நடுவில் வான்கோழித் தலை ஒட்டியிருந்தார்கள். நாற்பது யார் தூரம், அதாவது நூற்றிருபது அடி. முதல் வெடியில் என் காதிலிருந்த செவிட்டு இயந்திரம் கூவியது. மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காற்றில் வெடிமருந்து நாற்றம். சேற்றில் பழைய தோட்டாக் கோதுகள் அழுகிய பூக்களைப் போலச் சிவப்பும் பச்சையுமாகப் புதைந்து கிடந்தன. நாற்பத்திரண்டு வரை எண்ணி விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு இலக்கத்திலும் மூன்று வெடி. மொத்தம் ஒன்பது கடதாசிகள். நான் ஒரு சிவப்புப் பேனையால் வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினேன். தாடிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்னவாம்?”

“உங்கட மாமா வருமான வரிக் கந்தோரில வேலை செய்தவரோ எண்டு கேக்கிறார்.”

“வாத்தியார் எண்டு சொல்லுங்கோ.”

“சொன்னனான். அது அதைவிட மோசமாம்.”

நாலாம் இலக்கம் எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்தேழு. ஐந்தாம் இலக்கம் நூற்றுப் பதினெட்டு, நூற்றொன்பது, நூற்றிருபத்திரண்டு. ஆறாம் இலக்கம் நூற்று முப்பத்தொன்று, தொண்ணூற்று நான்கு, நூற்றிருபத்தாறு. சராசரி பார்த்தால் ஆறு ஒரு மயிரிழை கூட. ஆனால் ஆறு ஒரு முறை அள்ளிக் கொட்டுகிறது, ஒரு முறை சிதறிவிடுகிறது. ஐந்து ஒவ்வொரு முறையும் சொன்னபடி செய்கிறது. இதை நான் தாடிக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு தோட்டாவில் மொத்தம் எத்தனை சன்னம் என்று தெரியாமல் எப்படி விகிதம் பார்ப்பது? தாடிக்காரர் ஒவ்வொரு இலக்கத்திலும் ஒரு தோட்டாவை வெட்டி, மருந்தைக் கொட்டிவிட்டு, சன்னங்களை மூன்று தயிர்க் கிண்ணங்களில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து, பத்துப் பத்தாக விரலால் தள்ளி எண்ணினேன். இருநூற்று முப்பத்தெட்டு. முந்நூற்றொன்று. முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவள் மேசையைப் பார்த்தாள்.

“அப்பா, என்ன அது?”

“ஐந்தாம் இலக்கம். முந்நூற்றொன்று. வட்டத்துக்க நூற்றுப் பதினாறு விழுது.”

“நான் அதைக் கேக்கேல்லை. உங்கட விரலைப் பாருங்கோ.”

பார்த்தேன். மூன்று விரல் நுனியும் சாம்பல் பூத்திருந்தது. நாலாம் இலக்கத்தை வெறும் ஈயமாகவே அந்தத் தாடிக்காரர் தன் பழைய பெட்டியிலிருந்து வெட்டித் தந்திருக்கிறார். இரசாயன ஆசிரியன், மூன்று வாரம் நிரம்பாத பிள்ளை இருக்கிற வீட்டில், சாப்பிடுகிற பீங்கானில் ஈயத்தை உருட்டிக்கொண்டிருந்தான். மகள் பீங்கானைப் பையில் சுற்றிக் குப்பையில் போட்டாள். மேசையை இரண்டு முறை சவர்க்காரம் போட்டுத் துடைத்தாள். நான் மூன்று முறை கை கழுவினேன்.

“நல்ல பீங்கான் ஒண்டு போச்சு” என்றார் தமக்கையார் அடுப்படியிலிருந்து.

மகள் அவரைக் கவனிக்கவில்லை. “அப்பா, நேராச் சொல்லுங்கோ. அந்தக் கறியைத் தின்னலாமோ, கூடாதோ?”

“நெஞ்சு இறைச்சி மட்டும். அதில பயமில்லை. நான் நிண்டு பாக்கிறன்.”

“சரி” என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முந்நூற்றொன்றில் நூற்றுப் பதினாறு வட்டத்துக்குள் விழுந்தால் மீதி நூற்றெண்பத்தைந்து எங்கே போகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

இருபத்துமூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு மருமகன் வான்கோழியோடு வந்தார். முகமெல்லாம் சேறும் சிரிப்பும். முப்பத்தைந்து யாரில், ஐந்தாம் இலக்கத்தில், ஒரே வெடி.

“உங்கட நம்பர்தான் மாமா!” என்று கராஜ் கதவைத் திறந்தார்.

பஞ்சு அடைத்ததைவிடச் செத்தது அருவருப்பாக இருந்தது. மயிரில்லாத தலை. உச்சியிலிருந்து மூக்குக்கு மேலே தொங்கும் ஒரு சதைக் கயிறு. கழுத்தில் கொப்புளம் கொப்புளமாகச் சிவப்பு மணிகள், அவற்றில் ஓட்டைகள். நெஞ்சின் நடுவில் தும்புத்தடித் துடைப்பத்தின் மயிரைப் போலக் கறுத்த தாடி. தாடி இருக்கிற சேவலைத்தான் சுடலாமாம். காலில் அனுமதிச் சீட்டு கட்டியிருந்தது. சிறகுக்குள்ளிருந்து சின்னஞ்சிறு பூச்சிகள், உடல் குளிர்ந்துவிட்டது என்று கண்டு, வெளியே நடந்து வந்துகொண்டிருந்தன. ஒன்பதை எண்ணினேன்.

தமக்கையார் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சுடுதண்ணீர் வாளியோடு இறங்கினார். அவருக்குப் பிறந்த நாள் மாதிரி இருந்தது. சுடுதண்ணீர் இறகில் பட்டதும் எழுந்த நாற்றம், நனைந்த நாயும் எரிந்த மயிரும் பழைய இரத்தமும் சேர்ந்த நாற்றம், கராஜிலிருந்து படியேறி வீட்டுக்குள் வந்தது. என்னால் நிற்க முடியவில்லை.

“பிள்ளை, நெஞ்சு மட்டும். மற்றதெல்லாத்தையும் எறியுங்கோ. கழுத்தைத் தொடவேண்டாம்” என்றேன் தமக்கையாரிடம்.

“ஓம் மாஸ்டர், ஓம். நீங்க காத்து வாங்கிப்போட்டு வாங்கோ.”

மருமகன் விடியற்காலையிலேயே எழும்பியவர், சோபாவில் விழுந்து தூங்கிவிட்டார். மகள் மேலே பிள்ளையோடு. நின்று பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன், மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். புகையிரத நிலையம்வரை இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது அடி. அங்கே ஒரு வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். திரும்பி வர இரண்டேகால் மணித்தியாலம் ஆகிவிட்டது.

மூன்று வீட்டுக்கு முன்னாலேயே கறி மணத்தது. மிளகும் உள்ளியும் வேர்க்கொம்பும் கலந்த மணம். நல்ல மணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். குசினிக்குள் போய் மூடியைத் திறந்தேன். எங்கள் வீட்டில் இருக்கும் பெரிய பானை. அதன் விளிம்புவரை எலும்பும் சதையுமாகத் துண்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. இரண்டு அங்குலத் துண்டு, எங்கள் அளவு. கால், சிறகின் அடி, முதுகு, ஈரல். மேலே மிதந்தது கழுத்து, ஐந்து துண்டாக.

“பிள்ளை, நான் என்ன சொன்னனான்?”

“நெஞ்சை மட்டும் போட்டா அது கறியோ மாஸ்டர்? சக்கை. எலும்பிலயும் கழுத்திலயும்தான் சாறு இறங்கும். இறைச்சி வைரமெண்டு கொஞ்சம் புளியும் விட்டனான், நல்லா அவியும்.”

“கழுத்துக்குத்தான் சுட்டது! அது முழுக்க ஈயம்!”

“கண்டதையெல்லாம் எடுத்துப்போட்டன். கண் தெரியாதவளே நான்?” அவர் குரல் ஏறியது. “மாஸ்டர், ஊரில எத்தினை பேர் சண்டையில பட்டு உடம்புக்க சன்னத்தோட இருபது, முப்பது வருசமாத் திரியினம். என்ர மனுசன்ர முதுகுக்க இப்பவும் ஒண்டு கிடக்கு. டொக்டர்மாரே விடட்டுமெண்டு விட்டவை. அந்த மனுசனுக்கு நான் ரெண்டு பிள்ளை பெத்தனான். கறிக்க ஒரு சன்னம் கிடந்தா உலகம் அழிஞ்சு போமோ?”

ஒருவரின் முதுகில் கிடக்கும் சன்னத்தோடு போட்டிபோட எந்த இரசாயனத்தாலும் முடியாது. அடுப்பை அணைத்தேன். வெதுப்பும் தட்டு ஒன்றில் துண்டுகளை அகப்பையால் அள்ளிப் போட்டு, இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்த்துப் பார்க்கத் தொடங்கினேன். சூட்டில் கண்ணாடி புகைந்தது. கழுத்துத் துண்டுகளிலிருந்து மட்டும் ஒன்பது. சிறகின் அடியில் மூன்று. தொடையில் ஒன்று. எறிகிற பக்கத்தில்தான் எல்லாம் இருக்கும் என்று நான் நம்பியிருந்த நெஞ்சில் இரண்டு. பதினைந்து. ஆறு நசிந்து தட்டையாகிவிட்டன. செம்பு உரிந்து, உள்ளே இருந்த ஈயம் புளியில் வெந்து, கொஞ்சம் சாற்றிலும் கரைந்து, மங்கிய வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. ஒரு கழுத்தெலும்புக் கண்ணியைப் பிரித்தபோது உள்ளே ஈயம் சாம்பல் தூளாகவே அரைபட்டிருந்தது. அதை ஒன்று என்று எண்ணுவதா, நூறு என்று எண்ணுவதா?

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். தட்டையும் என் கையையும் பார்த்தாள்.

“அப்பா, மச்சாள் பன்னிரண்டரை மணிபோல ஒரு கோப்பை சாறு தந்தவ. நீங்க பாத்திட்டீங்களெண்டு நினைச்சு அரைவாசி குடிச்சிட்டன்.”

முள்ளுக்கரண்டிகளைத் தட்டில் வைத்தேன்.

“எத்தினை எடுத்தீங்கள்?”

“பதினைஞ்சு.”

“மிச்சம் எத்தினை இருக்கு?”

முந்நூற்றொன்றில் எத்தனை பட்டது, எத்தனை காட்டுக்குள் போனது என்று யாருக்குத் தெரியும்? எடுத்ததை எண்ணலாம். எடுக்காததை எண்ண முடியாது. இருபத்தெட்டு வருட வகுப்பில் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

“தெரியாது.”

அவள் பிள்ளையைத் தமக்கையாரின் கையில் கொடுக்காமல், சோபாவில் திடுக்கிட்டு எழுந்த கணவனின் மடியில் வைத்துவிட்டு, சுகாதார ஆலோசனை இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். பிரெஞ்சில் கதைத்தாள். எதிர்ப்பக்கத்துத் தாதி எவ்வளவு ஈயம் என்று கேட்டிருக்க வேண்டும். மகள் தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள்.

“உங்களிட்டத்தான் கணக்கு இருக்கு. சொல்லுங்கோ.”

ஆங்கிலத்தில் அந்தத் தாதிக்கும் அதையே சொன்னேன். தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டார். அரைக் கோப்பை, ஒரு தரம் என்றால் பதற வேண்டாம், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், இனி அதைத் தொட வேண்டாம், அடுத்த முறை டொக்டரிடம் சொல்லி இரத்தம் பாருங்கள் என்றார். நான் அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் மகள் பானையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“தங்கச்சி, பச்சை உடம்பு! பாரம் தூக்காதையும்!” என்று தமக்கையார் கத்தினார்.

நான் போய்ப் பானையை வாங்கிக்கொண்டேன். கராஜில் உணவுக் கழிவு போடும் பழுப்பு நிறத் தொட்டிக்கு முன்னால் நின்றபோதுதான், அதில் போட்டால் எருவாகி யாரோ ஒருவரின் கீரைப் பாத்திக்குப் போகும் என்று உறைத்தது. கறுப்புப் பையில் ஊற்றி, இரண்டு முடிச்சுப் போட்டேன். எட்டுக் கிலோ உயிர். காட்டில் யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்யாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் கொன்று, அவித்து, ஒருவரும் தின்ன முடியாத நஞ்சாக்கிக் குப்பையில் போட்டோம். இதில் வீட்டிலிருந்த நால்வருக்கும் பங்கு. எண்ணிக்கை மட்டும் என்னுடையது.

மருமகன் பின்னால் வந்து நின்றார்.

“பேந்து, அடுத்த வருசம் டங்ஸ்டன் வாங்குவம் மாமா.”

ஒரு டங்ஸ்டன் தோட்டாவில் எத்தனை சன்னம் இருக்கும் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. என்னையே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தமக்கையார் முப்பத்தொன்றுக்கு நிற்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். சரக்குப் போத்தல்களில் இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “எண்ணிப் பாத்துச் சாப்பிடுற வீட்டில எனக்கென்ன வேலை?” என்று வாசலில் வைத்துத் தம்பியிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி. மகள் அவரைக் கட்டிப்பிடித்து அனுப்பினாள். மீதி ஆறு நாளும் சந்தைக் கோழியில் நான் கறி வைத்தேன். மிளகு கூடிவிட்டது. மகள் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றாள்.

இரண்டாம் மாதம் டொக்டர் மகளின் இரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். மருமகன் அன்று இனிப்பு வாங்கி வந்தார். அந்தக் கதையை வீட்டில் யாரும் பிறகு எடுக்கவில்லை.

பிள்ளைக்கு இப்போது நாலு மாதம். பின்னேரத்தில் குளிக்க வார்க்கும்போது தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது என் வேலை. வெப்பமானியை விட்டு, இரண்டு நிமிடம் பிடித்து, “முப்பத்தேழு” என்று சொல்கிறேன். “ஓம் அப்பா” என்கிறாள் மகள். பிறகு தன் முழங்கையை ஒரு தரம் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை இறக்குகிறாள்.